அந்தப் பிள்ளை சோம்பேறி இல்லை, மாப்ளே

கானாடுகாத்தான்,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். மழைக்கு அம்மாவின் மூட்டுவலி கொஞ்சம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். ஊருணி முக்கால்வாசி நிறைந்துவிட்டது. மற்ற கதையெல்லாம் நேரில் பேசுவோம். நீ எழுதியிருந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளையை நினைத்து இரண்டு நாளாக எனக்குத் தூக்கம் இல்லை.

போன வருஷம் எட்டாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொன்னவள் இப்போது சாக்பீஸைப் பிடித்தபடி போர்டு முன்னால் நின்றுவிடுகிறாள் என்கிறாய். வகுப்பு டீச்சர் சோம்பேறி என்கிறாராம். அவளுடைய அட்டையில் அரிவாள் செல் நோய் என்று போட்டிருக்கிறதாம். மாப்ளே, இது சோம்பேறித்தனமாக இல்லாமலும் இருக்கலாம். மூளைக்கு ரத்தம் போகும் குழாயைப் பார்க்காமல் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது.

லேப்பில் நான் இருந்த வருஷங்களில் இந்த ரத்தத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு சொட்டு ரத்தத்தோடு சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலைக் கலந்து, கவர்சிலிப் மூடி, ஓரத்தை அடைத்துவிட்டுக் காத்திருப்போம். உள்ளே ஆக்சிஜன் குறையக் குறைய, வட்டமாக இருந்த சிவப்பணுக்கள் ஒவ்வொன்றாக நுனி கூர்ந்து வளையும். கடைசியில் கண்ணாடித் துண்டு முழுக்கக் கதிர் அரிவாள் கொட்டிக் கிடப்பது போலத் தெரியும். ஹீமோகுளோபினில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால் வரும் வினை இது. உங்கள் நீலகிரியில் இதை 1952-லேயே லேமனும் கட்புஷும் கண்டு எழுதிவிட்டார்கள்.

அந்த நாளில் மலையிலிருந்து ஆறு வயதுப் பையன் ஒருவன் நான் வேலை பார்த்த இடத்துக்கு வந்தான். ரிப்போர்ட்டில் சரியாகத்தான் எழுதிக் கொடுத்தேன். வலிக்கு மருந்தும் சோகைக்கு மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த வருஷம் வந்தபோது அவன் வலது கை தொங்கிக் கிடந்தது, வாய் கோணியிருந்தது. தலையில் குழாய் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொல்லி யாரும் அனுப்பவில்லை. நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் அது நெஞ்சில் கிடக்கிறது.

அரிவாள் அணுக்கள் சின்னக் குழாய்களை அடைக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மூளையின் அடிப்பக்கம் உள்ள பெரிய தமனிகளையே அவை கெடுத்துவிடும். உள்சுவர் புண்பட்டு, தடித்து, வழி குறுகிவிடும். உடம்பு சும்மா இருக்காது, சுற்றிலும் மெல்லிய புதுக் குழாய்களை வளர்த்துக்கொள்ளும். படத்தில் அது புகை போலத் தெரிவதால் ஜப்பான்காரர்கள் மொயமொயா என்று பெயர் வைத்தார்கள். அந்த மெல்லிய குழாய்கள் பின்னால் வெடித்து ரத்தம் கசியவும் கூடும்.

முந்தாநாள் மழையில் நம் வரத்துக்காலைப் பார்க்கப் போயிருந்தேன். நாம் காகிதக் கப்பல் விட்ட இடம்தான். கரைச் செங்கல் சரிந்து கால்வாய் பாதியாகக் குறுகியிருக்கிறது. அகலமான இடத்தில் ஆடி அசைந்து வரும் சருகு, அந்த இடுக்கில் அம்பு மாதிரி பாய்கிறது. டாப்ளர் ஸ்கேன் பார்ப்பதும் இதைத்தான். நெற்றிப்பொட்டில் கருவியை வைத்து, உள்ளே ரத்தம் ஓடும் வேகத்தை அளப்பார்கள். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. பிள்ளை தூங்காமல், அழாமல் படுத்திருந்தால் போதும். நொடிக்கு 200 சென்டிமீட்டரைத் தொட்டால் பக்கவாத ஆபத்து அதிகம். 170-க்குக் கீழே இருந்தால் நல்லது, இடைப்பட்டால் சீக்கிரமே மறுபடி பார்க்க வேண்டும். சுத்தமாக அடைத்துப்போன குழாயில் ஓட்டமே பிடிபடாமல் போகலாம், அதையும் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு வயதிலிருந்து பதினாறு வரை வருஷம் ஒரு முறை பார்க்கச் சொல்கிறார்கள்.

வேகம் கூடிய பிள்ளைகளுக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்றினால் முதல் பக்கவாதம் பத்தில் ஒன்பது பங்கு குறைகிறது என்று 1998-இல் அமெரிக்காவில் நிரூபித்தார்கள். ஏற்றிக்கொண்டே போனால் உடம்பில் இரும்பு சேர்ந்து கெடுதல் செய்யும். அதனால் ஒரு வருஷமாவது ரத்தம் ஏற்றிய பிறகு, குழாய் ரொம்பக் கெடாத பிள்ளைகளை ஹைட்ராக்சியூரியா மாத்திரைக்கு மாற்றலாம் என்று 2016-இல் தெரிந்தது. வைத்தியம் இருக்கிறது மாப்ளே, அதனால்தான் இவ்வளவு பதறுகிறேன்.

இனி நீ எழுதிய அந்தப் பிள்ளைக்கு வருகிறேன். கை கால் விழாமலே மூளையில் சின்னச் சின்ன இடங்கள் செத்துப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். வெளிநாட்டில் இந்த நோயுள்ள பிள்ளைகளை எண்ணிப் பார்த்ததில், பதினெட்டு வயதுக்குள் கிட்டத்தட்ட 39 சதவீதம் பேருக்கு இப்படி ஆகியிருக்கிறது. கவனம் சிதறும், படித்தது நிற்காது. அதை முதலில் பார்ப்பது டாக்டர் இல்லை, வாத்தியார்தான். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கரு ஹீமோகுளோபின் (வயிற்றில் இருக்கும்போது உள்ள வகை) கூடுதலாக இருப்பதால் நோய் லேசாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். பலருக்கு அப்படித்தான். அவளுக்கும் அப்படித்தான் என்று யார் சொல்ல முடியும்?

வகுப்பு டீச்சரிடம் கோபப்படாதே, அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இதை மட்டும் சொல்லிவை: ஒரு பக்கம் பலம் குறைந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, வலிப்போ திடீர்க் கடுந்தலைவலியோ வந்தாலோ, படுக்கவைத்துப் பார்க்கலாம் என்று ஒரு நிமிஷமும் காத்திருக்கக் கூடாது. ஜீப்பைப் பிடித்து ஓட வேண்டும், போனவுடன் அரிவாள் செல் நோய் என்று முதலில் சொல்ல வேண்டும்.

வரும் சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுகிறேன், கோயம்புத்தூர் வழியாக வந்துவிடுவேன். அவள் அம்மா அப்பாவிடம் நானும் பேசுகிறேன். எந்த ஆஸ்பத்திரியில் டாப்ளர் பார்க்கிறார்கள் என்று அதற்குள் விசாரித்துவை. அம்மா அவளுக்கென்று மனகோலம் சுட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் அவளுடைய எச்.பி.எல்.சி. ரிப்போர்ட்டை மட்டும் இன்றைக்கே போட்டோ எடுத்து அனுப்பு. அட்டையில் எழுதியது நோயா, அல்லது நோயில்லாமல் மரபை மட்டும் சுமக்கும் கடத்தும் தன்மையா என்பதை நானே ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் மாப்ளே