அந்தச் சிவப்புத் திட்டைப் பற்றி

அன்புள்ள மகளுக்கு,

செயற்கைக்கோள் படங்களிலிருந்து நீ செய்து அனுப்பிய மேப்பைப் பெரிதாக்கி நிதானமாகப் பார்த்தேன். 1990-க்கும் 2020-க்கும் நடுவே நகரம் பரவியதைச் சிவப்பில் காட்டியிருக்கிறாய், உழைப்பு தெரிகிறது. ஆனால் தென்மேற்கு ஓரத்தில் இருக்கும் பெரிய திட்டு எனக்கு ஒப்பவில்லை. அதற்குள் ஒரு தெருக்கோடுகூட இல்லை, விளிம்பெல்லாம் வரப்பு மாதிரி ஓடுகிறது. அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் நிலம் என்றே நினைக்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத இரண்டு வகை ஒளியை ஒப்பிட்டுத்தான் உன் குறியீடு கணக்கிடுகிறது: தரையிலிருந்து குற்றலை அகச்சிவப்பு அண்மை அகச்சிவப்பைவிடக் கூடுதலாகத் திரும்பினால் கட்டடம் என்று எடுத்துக்கொள்கிறது. காய்ந்த மண்ணும் அப்படித்தான் திருப்பி அனுப்பும். நீ எடுத்த பழைய படம் மழை முடிந்த மாதம், புதியது கோடை. பச்சை காய்ந்ததெல்லாம் நகரமாகக் கணக்கில் ஏறிவிட்டது. ஒரே பருவத்துப் படங்களாக எடு, முடிந்தால் ஒரு வருடத்தின் எல்லாப் படங்களையும் சேர்த்துப் பார்: வயல் எப்போதாவது பச்சையாகும், கூரை ஆகாது. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008-லிருந்து இலவசம்தானே, இரண்டோடு ஏன் நிறுத்த வேண்டும்?

2020-க்கு ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்மா. அதன் பிக்சல் (படத்தின் ஒரு சதுரக் கட்டம்) நீ பயன்படுத்தும் ஒளிகளில் தரையில் 10, 20 மீட்டர், 1990-இன் லேண்ட்சாட் பிக்சல் 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டருக்குள் வீடு, மரம், மண்பாதை எல்லாம் கலந்து ஒரே நிறம். முன்பே இருந்த சின்ன வீடுகள்கூடப் புதிதாக முளைத்த மாதிரி தெரியும்.

அப்புறம் துல்லியம். 1990, 2020 இரண்டு மேப்பும் தனித்தனியே 85 சதவீதம் சரி என்கிறாய். தவறுகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், இரண்டிலும் சரியாக இருக்கும் இடம் சுமார் 72 சதவீதம்தான். அதனால் இரண்டையும் ஒப்பிட்டு மாறியதைக் காட்டும் மேப்பையே தனியாகச் சோதி. மாறியது, மாறாதது இரண்டிலும் குலுக்கல் முறையில் புள்ளிகள் எடுத்து, தெளிவான படத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்து, பரப்பளவைத் திருத்திப் பிழை வரம்போடு போடு. அலுப்பான வேலைதான், ஆனாலும் இதை விட்டுவிடாதே.

'குடியிருப்பு' என்று போட்டதையும் எடுத்துவிடு. வானத்திலிருந்து கூரைதான் தெரியும், கீழே வீடா கிடங்கா என்பது நேரில் போனால்தான் தெரியும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது கண்ணு. நாளைக்கு இந்த மேப்பைக் காட்டி 'இங்கே ஏற்கெனவே நகரம் வந்துவிட்டது' என்று யாராவது சொன்னால், இல்லை என்று நிரூபிக்க அலையப்போவது அங்கே பயிர் செய்கிறவர்.

திருத்தியதும் அனுப்பு. எந்த மாதத்துப் படங்கள் என்பதை மேப்பின் மூலையிலேயே எழுதிவிடு.

அன்புடன்,
அப்பா