எங்கள் கடலோரப் பள்ளிக்குப் பேட்டரியோடு கூடிய சூரிய மின்சாரம் கேட்டு மனு

அனுப்புநர்
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழு,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி,
கடலாடி வட்டம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: பள்ளிக்கு 5 கிலோவாட் சூரிய மின் அமைப்பும், அதற்கு ஐந்தாண்டுப் பராமரிப்பும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கடலில் பாசி எடுத்துப் பிழைப்பவள். என் பிள்ளைகள் இருவர் இந்தப் பள்ளியில் படிக்கிறார்கள். பெற்றோர் சேர்ந்து என்னைக் குழுத் தலைவராக்கியதால் எல்லோர் சார்பிலும் இதை எழுதுகிறேன்.

பள்ளியில் மின் இணைப்பு இருக்கிறது, மின்சாரம்தான் நிலைப்பதில்லை. எங்கள் ஊருக்கு வரும் லைன் சீமைக்கருவேலங்காட்டுக்குள்ளும் பனங்காட்டுக்குள்ளும் புகுந்து வருகிறது. ஆடியில் கச்சான் காற்று அடித்தால் பனைமட்டை கம்பியில் விழும். வாடைக்காலத்தில் வேறு தொல்லை. கம்பத்துப் பீங்கானில் உப்பு படிந்திருக்கும். விடியற்காலைப் பனி இறங்கியதும் பொறி பறந்து லைன் ட்ரிப் ஆகிவிடும். நல்ல மழை வந்து பீங்கானைக் கழுவினால்தான் தீரும் என்று வயர்மேனே சொல்வார். அவரைக் குறை சொல்லவில்லை. ஒற்றை ஆளாக எத்தனை ஊருக்குத்தான் ஓடுவார்?

கரண்ட் போனால் ஸ்மார்ட் வகுப்பறைத் திரை அணைந்துவிடும். மோட்டார் ஓடாது, தொட்டியில் தண்ணீர் ஏறாது, கழிப்பறையைப் பூட்டிவிடுவார்கள். பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் அன்றைக்கு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். காலை உணவு சமைக்கும் பெண்கள் இருட்டில் செல்போன் டார்ச்சைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு காய் நறுக்குகிறார்கள்.

இதே பள்ளி மாடியில் சில ஆண்டுகளுக்கு முன் சோலார் வைத்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. தகட்டில் படிந்த உப்புத்தூசியை நாங்கள் போர்வெல் தண்ணீரால் கழுவினோம். அது காய்ந்து வெள்ளைக்கறையாகப் படிந்துவிட்டது. இரண்டாம் ஆண்டு பேட்டரி செத்தது. இரும்புச் சட்டம் துருப்பிடித்து, போல்ட்டைக் கையால் நெரித்தாலே பொடியாக உதிர்ந்தது. ஒரு காற்றில் ஒரு தகடு பிய்த்துக்கொண்டு போய்ப் பனையடியில் கிடந்தது, யார் தலையிலும் விழாதது எங்கள் நல்லகாலம். கொடுத்திருந்த போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. அதனால் இந்த முறை தகட்டை விடப் பராமரிப்பைத்தான் அழுத்திக் கேட்கிறோம்.

எங்கள் கணக்கு இது. 12 மின்விசிறி, 14 எல்.இ.டி. விளக்கு, ஒரு திரை, இரண்டு கணினி, ஒரு குதிரைத்திறன் மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் இரண்டரை கிலோவாட்டைத் தாண்டாது. நம் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 5 கிலோவாட்டுக்கு 20 யூனிட். கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி வேண்டும். எங்கள் கான்கிரீட் மாடியில் நிழல் விழாத இடம் அதற்கு மேலேயே இருக்கிறது.

ஒன்றை மட்டும் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு மட்டும் இணைக்கும் சோலார் செலவு குறைவு என்று அதையே கொடுத்துவிடக் கூடாது. லைனில் கரண்ட் போனால் அந்த அமைப்பும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவர் மேல் மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள், அது நியாயம்தான். ஆனால் எங்களுக்குத் தேவைப்படும் நேரத்தில் அது உதவாது. லைனிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும், தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத லித்தியம் பேட்டரியும் வேண்டும். விடுமுறை நாட்களில் மிஞ்சும் மின்சாரம் கணக்கெடுக்கும் மீட்டர் வழியாக லைனுக்குப் போகட்டும், பள்ளியின் பில்லும் குறையும். சட்டம் அலுமினியமாகவும் போல்ட்டுகள் துருப்பிடிக்காத எஃகாகவும் இருக்க வேண்டும். உப்புக்காற்றைத் தாங்கும் என்று சோதித்துச் சான்று பெற்ற தகடுதானா என்பதைத் தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகத்தின் பொறியாளர் நேரில் பார்த்துச் சொன்னால் எங்களுக்கு நிம்மதி.

இந்த மின்சாரம் ஊருக்கும் பயன்படும். எங்கள் வீட்டு ஆண்கள் இரவில் கடலுக்குப் போகிறவர்கள். கரண்ட் இல்லாத ராத்திரியில் பிள்ளைகள் ஆறிலிருந்து எட்டு மணி வரை பள்ளியில் உட்கார்ந்து படிக்கத் தங்கள் அனுமதி வேண்டும். முறை வைத்து அம்மாமார் இருவர் உடன் இருப்போம். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் கரையோரக் குடிசைக்காரர்கள் வந்து தங்குவது இந்தப் பள்ளியில்தான். அன்றைக்கு விளக்கும், செல்போனையும் வயர்லெஸ் செட்டையும் சார்ஜ் போட ஒரு பிளக்கும் இருந்தால் கடலில் நிற்பவர்களிடம் பேச முடியும். மீன் வைக்கப் பெரிய ஃப்ரீசரும் ஓட்டலாமே என்று ஊர்க்கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். பிள்ளைகளின் பேட்டரியை மீன் தின்றுவிடும் என்று சொல்லி நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

பக்கத்தில் கமுதியில் 2016-ஆம் ஆண்டு முதல் 648 மெகாவாட் சோலார் நிலையம் ஓடுகிறது. நாங்கள் கேட்பது அதில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை.

எந்த நிதியிலிருந்து என்பது தங்கள் முடிவு. மத்திய அரசின் ‘முன்னேற விழையும் மாவட்டம்’ என்ற பட்டியலில் 2018 முதல் நம் மாவட்டம் இருக்கிறது, அந்த வழியாகக் கிடைத்தாலும் சரி. அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் வழியாக நன்கொடையாளர் வந்தாலும் சரி. யார் கொடுத்தாலும், ஐந்தாண்டுப் பராமரிப்பையும், பழுது என்று சொன்ன ஏழு நாளுக்குள் ஆள் வர வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி, அதன் நகலைக் குழுவுக்குத் தர வேண்டும். மகளிர் குழுவில் பத்தாவது முடித்த இரண்டு பெண்கள் பயிற்சிக்குத் தயாராக இருக்கிறார்கள். தகடு கழுவ மழைத்தண்ணீர் பிடித்து வைக்கும் தொட்டியை எங்கள் செலவில் கட்டித் தருகிறோம்.

ஐப்பசியில் வாடை தொடங்கிவிடும். அதற்கு முன் ஒரு பொறியாளரை அனுப்பி மாடியைப் பார்வையிட உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இணைப்பு: பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மான நகல், மாடியின் புகைப்படங்கள், பெற்றோர் கையொப்பங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு