உன் வயிற்று வலி பற்றி

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்கு முழங்கால்தான் காரணம். மேசை முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டியிருக்கிறது. பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள். நம் வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

சரி, உன் வயிற்றுக்கு வருகிறேன். கல்யாண வீட்டில் சாப்பிட்டு ஒரு வாரம் வயிற்றுப்போக்கில் கிடந்தாய், அது நின்ற பிறகுதான் இந்த வலி என்று எழுதியிருக்கிறாய். சப்பாத்தி தின்றாலும் பால் குடித்தாலும் பிசைகிறது. ஸ்கோப், ரத்தத்தில் அலர்ஜி டெஸ்ட், எல்லாம் நார்மல். "டென்ஷனைக் குறைங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷம் பயாப்சி ஸ்லைடுகளோடு குப்பை கொட்டியவன் அல்லவா!

குடல் சவ்வில் மாஸ்ட் செல் என்று ஒரு நோய் எதிர்ப்புச் செல் உண்டு. நாங்கள் தினமும் போடும் சாயத்தில் அது கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிடும். டொலுயிடின் ப்ளூ என்ற தனிச் சாயம் போட்டால் மற்றதெல்லாம் நீலமாக இருக்க, இதன் உள்ளே அடைந்திருக்கும் குருணைகள் மட்டும் கத்திரிப்பூ நிறம் காட்டும். முதல் தடவை பார்த்தபோது சாயத்தைத் தப்பாகக் கலந்துவிட்டோம் என்று பயந்து, சத்தமில்லாமல் இன்னொரு ஸ்லைடு போட்டேன். 1878-ல் பால் எர்லிக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி தன் டாக்டர் பட்ட ஆய்வில் இதை விவரித்தபோது அவருக்கு வயது 24. தின்று கொழுத்த செல் என்று நினைத்து, ஜெர்மனில் தீனி போட்டுக் கொழுக்க வைப்பதைக் குறிக்கும் சொல்லையே பெயராக வைத்தார். உள்ளே இருந்தது தீனி அல்ல: ஹிஸ்டமின், ஹெப்பாரின், டிரிப்டேஸ் என்ற ரசாயனங்கள்.

இந்தச் செல்லின் மேல் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் ஒட்டிக்கொண்டிருக்கும். அது அடையாளம் வைத்திருக்கும் உணவுப் புரதம் வந்து அருகருகே உள்ள ஐஜிஇக்களை ஒன்றாகப் பிணைத்தால் போதும், சில நிமிஷத்தில் குருணைகள் வெளியே கொட்டிவிடும். ரத்தக்குழாய் கசியும், குடல் தசை இறுகும், நீர் சுரக்கும், பக்கத்து நரம்பு கூசத் தொடங்கும். அப்புறம் லூகோட்ரையீன், சைட்டோகைன் என்று வேறு ரசாயனங்களையும் புதிதாகத் தயாரித்து மற்ற வெள்ளணுக்களையும் கூப்பிடும். அழற்சி இழுத்துக்கொண்டே போவது அதனால்.

ஹாஸ்டலில் பழைய சூரை மீன் தின்று நாம் இருவரும் முகம் சிவந்து கிடந்தோமே, நினைவிருக்கிறதா? அங்கேயும் வில்லன் ஹிஸ்டமின்தான் என்பது என் கணிப்பு. ஆனால் நம் செல்கள் கொட்டியது அல்ல. ஐஸில் வைக்காத மீனில் பாக்டீரியா முன்கூட்டியே தயாரித்து வைத்தது. வேகவைத்தாலும் அது போகாது.

ரத்தத்தில் ஒன்றும் இல்லாதபோது உனக்கு அலர்ஜி எப்படி என்று கேட்பாய். நியாயமான கேள்வி. 1921-ல், அப்போது ஜெர்மனியில் இருந்த பிரஸ்லாவில் கூஸ்ட்னர் என்ற மருத்துவருக்குச் சமைத்த மீன் ஆகாது. அவருடைய சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிநீரை, கூட வேலை பார்த்த பிரவுஸ்னிட்ஸ் தன் வயிற்றுத் தோலில் ஏற்றிக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார். அங்கே தடித்துச் சிவந்தது. ரத்தத்தின் வழியே கடத்த முடிந்த அந்தப் பொருள்தான் ஐஜிஇ என்று 1960-களில்தான் தெரிந்தது. அதிலிருந்து அலர்ஜி என்றால் தோலிலும் ரத்தத்திலும் தேடுவது வழக்கமாகிவிட்டது.

ஆனால் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் பூக்ஸ்டான்ஸ் குழுவினர் 2021-ல் வெளியிட்டதைப் படித்தபோது உன் கதையையே படிப்பது போல இருந்தது. எலிகளுக்குக் குடல் தொற்று உண்டாக்கி, கூடவே முட்டை வெள்ளைப் புரதத்தையும் கொடுத்தார்கள். தொற்று ஆறிய பிறகு வெறும் புரதத்தைக் கொடுத்தாலே குடல் கூசியது. ஐஜிஇ ரத்தத்தில் அல்ல, குடலிலேயே, அந்த இடத்திலேயே உருவாகியிருந்தது. பிறகு உன்னைப் போல வலிக்கும் 12 பேருக்குக் கோதுமை, குளூட்டன், சோயா, பால் இவற்றின் சாற்றைப் பெருங்குடல் சவ்வில் ஊசியால் ஏற்றினார்கள். 12 பேருக்கும் ஏதாவது ஒன்றுக்காவது எதிர்வினை வந்தது. நலமாக இருந்த 8 பேரில் இரண்டு பேருக்கு மட்டுமே.

பன்னிரண்டு பேர் என்பது ஒரு பந்தி கூட நிரம்பாத கணக்கு. அதை வைத்து உனக்கும் இதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். பால் விஷயம் வெறும் லாக்டோஸ், அதாவது பாலில் உள்ள சர்க்கரை, செரிக்காததாகவும் இருக்கலாம். வயிற்றுப்போக்குக்குப் பிறகு அப்படி வருவதுண்டு, அதில் மாஸ்ட் செல்லுக்கு வேலையில்லை. அதே குழு எபாஸ்டின் என்ற அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துப் பார்த்ததில் சிலருக்குக் கூச்சம் குறைந்தது. இதைப் படித்துவிட்டு நேரே மருந்துக்கடைக்குப் போய் நிற்காதே, உன்னைப் பற்றி எனக்குத் தெரியும். குடல் டாக்டர் ஒருவரிடம், வலி தொற்றுக்குப் பிறகு தொடங்கியது என்பதை முதல் வாக்கியமாகச் சொல். எதைத் தின்றால் எத்தனை மணிக்கு வலிக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வை.

சித்திரைத் திருவிழாவுக்கு வருவதாக எழுதியிருக்கிறாயே, ஸ்கோப் ரிப்போர்ட்டையும் எடுத்து வா. பயாப்சி எடுத்தார்களா என்று பார்க்கலாம். சப்பாத்தி கிடையாது, இட்லிதான். பால் கலக்காத சுக்குக் காப்பி போட்டு வைக்கச் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்