கட்டாத நீச்சல் குளத்துக்கும் பதிப்புரிமை உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இணைய முகவரித் தகராறுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், 'நேர்மையாக இணையதளம் நடத்துகிறவர்கள் இதற்கெல்லாம் பயப்பட வேண்டியதில்லை' என்று ஒரு வரி. எழுதியவருக்கு இதுவரை வக்கீல் நோட்டீஸ் வந்ததில்லை போலிருக்கிறது. வராமலே இருக்கட்டும்.

எனக்கு வந்தது. ஃபிளாட் வாங்கி ஏமாந்த 60 குடும்பங்கள் சேர்ந்து, கட்டிய நிறுவனத்தின் பெயரோடு 'வீடு வாங்கியோர்' என்று சேர்த்து ஒரு டாட் காம் முகவரி பதிந்தோம். அதில் வியாபாரம் எதுவும் கிடையாது. பிரௌஷரில் போட்டிருந்த நீச்சல் குளத்தின் படம், பக்கத்திலேயே அதே இடத்தில் ஆடு மேயும் போட்டோ. இதுதான் எங்கள் குற்றம். குளத்தின் படம் தங்கள் பதிப்புரிமை என்று, எங்கள் தளத்தை இணையத்தில் ஏற்றி வைத்திருந்த அமெரிக்க ஹோஸ்டிங் கம்பெனிக்கு நிறுவனத்தார் புகார் அனுப்பினார்கள். ஹோஸ்டிங்காரர்கள் எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் பக்கத்தைத் தூக்கிவிட்டார்கள். நாங்கள் மறுப்புக் கொடுத்தால், நிறுவனம் கோர்ட்டுக்குப் போகாத பட்சத்தில், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் திரும்ப வைக்க வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். அதுவரை பக்கம் இல்லை.

பதிப்புரிமை என்றுதான் எழுதுகிறேன், கவனியுங்கள். தங்கள் கட்டுரையில் அது நான்கு இடங்களில் 'காப்புரிமை' ஆகிவிட்டது. காப்புரிமை கண்டுபிடிப்புகளுக்கு. இதை முன்பே ஒரு தடவை எழுதினேன், பிரசுரமாகவில்லை.

அடுத்து வந்தது யூடிஆர்பி புகார், அதாவது முகவரியையே தங்களுக்கு மாற்றித் தரக் கேட்கும் புகார். இணைய முகவரிகளை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 1999இல் கொண்டுவந்த விதி தங்களுக்குத் தெரியாததல்ல. முகவரி தன் டிரேட்மார்க்கோடு குழம்பும்படி இருக்கிறது, பதிந்தவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்துகிறார் என்று மூன்றையும் புகார்தாரர் காட்ட வேண்டும். கட்டுரையைப் படித்தால் முதலாவது மட்டும் போதும் போலத் தோன்றுகிறது. நிறுவனத்தார் இந்தப் புகார்களை விசாரிக்கும் வைப்போவுக்கு (ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பு) 1,500 டாலர் கட்டினார்கள். எங்களுக்குப் பதில் சொல்ல 20 நாள். நான் தபால் துறையில் குப்பை கொட்டியவன். மருமகள்தான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஆங்கிலத்தில் பதில் அடித்தாள். ஒரே நடுவருக்குப் பதில் மூவர் குழு கேட்கலாமே என்றார் ஒருவர். கேட்டால் அதன் கட்டணம் 4,000 டாலரில் பாதி எங்கள் தலையில். சங்கக் கணக்கில் அப்போது இருந்தது 11,000 ரூபாய்.

ஜெயித்தோம். புகாரைத் தள்ளியதோடு, இது 'தலைகீழ் டொமைன் அபகரிப்பு', அதாவது அடுத்தவர் முகவரியைப் பறிக்க விதியைத் தவறாகப் பயன்படுத்துவது, என்றும் நடுவர் எழுதினார். படிக்க இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு ஒரு பைசா அபராதம் கிடையாது. அதற்குள் 20 குடும்பங்கள் 'நமக்கெதுக்கு சார் வம்பு' என்று விலகிவிட்டன. நிறுவனத்துக்கு வேண்டியதும் அதுதானே?

உஸி நிஸ்ஸான் என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் வியாபாரி 1994இல் தன் சொந்தக் குடும்பப் பெயரில் முகவரி பதிந்தார். 1999இல் அதே பெயர் கொண்ட நிஸ்ஸான் கார் கம்பெனி வழக்குப் போட்டது. முகவரி கடைசியில் அவரிடமே இருந்தது, ஆனால் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்த பிறகு. 2020இல் இறந்துபோனார். இருந்திருந்தால் தங்கள் கட்டுரை வரியை அவருக்கு மொழிபெயர்த்து அனுப்பியிருப்பேன். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். டாடாவைக் கிண்டல் செய்த, சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸின் இணைய ஆமை விளையாட்டுக்குத் தடை போட 2011இல் டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்ததே, அதற்காவது ஒரு வரி கொடுத்திருக்கலாம். இடம் இல்லை போலும். ராசிபலனுக்கு ஒன்றரைப் பக்கம் இருந்தது. பின் அட்டையில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் விளம்பரம், நீச்சல் குளத்தோடு.

சரி, நான் கேட்பது சின்ன விஷயம். கட்டுரையில் வைப்போவை 'சர்வதேச நீதிமன்றம்' என்று போட்டிருக்கிறீர்கள். அங்கே நடுவர்கள்தான் உண்டு, நீதிபதிகள் இல்லை. முகவரியை மாற்றிக் கொடுக்கச் சொல்லி முடிவு வந்தாலும், 10 வேலை நாட்களுக்குள் உரிய கோர்ட்டில் வழக்குப் போட்டு அதை நிறுத்தி வைக்கலாம். இதை அடுத்த இதழில் எந்த மூலையிலாவது போடுங்கள். 'திருத்தம்' என்று தலைப்பிடச் சங்கடமாக இருந்தால் தலைப்பில்லாமல் போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
சந்தா கட்டும் வாசகன்,
குரோம்பேட்டை