முன்பதிவு வேண்டாம் என்பது பாதி உண்மைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு பயணப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த ஐரோப்பியப் பயணக் கட்டுரையில், ஜெர்மனியில் ரயிலுக்கு முன்பதிவு என்ற கவலையே கிடையாது, நிலையத்துக்குப் போய் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஏறிவிடலாம் என்று எழுதப்பட்டிருந்தது. ஏறிவிடலாம் என்பது உண்மை. ஆனால் அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும், கையில் இருக்கும் டிக்கெட் எந்த வண்டிக்குச் செல்லும் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் முதலாளிக்கும் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்சண்டைசர்களுக்கும் வெளிநாட்டுப் பயண ஏற்பாடுகளைச் செய்து தருவதும் என் வேலைகளில் ஒன்று. ஜனவரிதோறும் பிராங்க்பர்ட்டில் நடக்கும் ஹெய்ம்டெக்ஸ்டில் வீட்டு ஜவுளிக் கண்காட்சிக்குக் கரூரிலிருந்து கிளம்புகிறவர்களும், ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகும் ஈரோடு, நாமக்கல், பொள்ளாச்சிப் பெற்றோர்களும் தங்கள் பத்திரிகையின் வாசகர்கள் என்பதால், விடுபட்டதை எழுதுவது பயன்படும் என்று நினைக்கிறேன்.

நம் ரயில்வேயில் நாம் படும் கவலை எல்லாம் இடத்தைப் பற்றியது. 2024 நவம்பர் 1 முதல் 120 நாட்களாக இருந்த முன்பதிவுக் காலத்தை 60 நாட்களாகக் குறைத்துவிட்டார்கள். அந்த 60ஆம் நாள் காலையில் உட்கார்ந்து எடுத்தால் சேரனிலோ நீலகிரியிலோ படுக்கை கிடைக்கும், இல்லாவிட்டால் வெயிட்டிங் லிஸ்ட், அதுவும் நகராவிட்டால் தட்கல். பெரும்பாலான வண்டிகளில் முதல் நாள் எடுத்தவருக்கும் கடைசியில் எடுத்தவருக்கும் அடிப்படைக் கட்டணம் ஒன்றுதான். ஜெர்மனியின் ரயில் நிறுவனமான டாய்ச்ச பானின் நெடுந்தூர வண்டிகளில் நிலைமை வேறு. அங்கே டிக்கெட் தனி, இருக்கை தனி. இருக்கைகள் எல்லாம் பதிவாகியிருந்தாலும் பொதுவாக டிக்கெட் கிடைக்கும், நின்றுகொண்டு போகலாம். பயண நாள் நெருங்க நெருங்க ஏறுவது கட்டணம்தான். ஒரே பெட்டியில் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் ஒருவர் மற்றவரைவிடப் பல மடங்கு கொடுத்திருப்பது அங்கே அன்றாட நடப்பு.

அந்த விலை வித்தியாசத்துக்குக் காரணம் மூன்று வகையான டிக்கெட்டுகள். ஃப்ளெக்ஸ்பிரைஸ் எனப்படும் முழுக் கட்டண டிக்கெட்டை வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட நாளில் அந்த வழித்தடத்தில் எந்த வண்டியில் வேண்டுமானாலும் ஏறலாம். ஸ்பார்பிரைஸும் அதைவிட மலிவான சூப்பர் ஸ்பார்பிரைஸும் பதிவு செய்த நெடுந்தூர வண்டிக்கு மட்டுமே செல்லும். ஸ்பார்பிரைஸைப் பயண நாளுக்கு முன்பே ரத்து செய்தால் 10 யூரோவைப் பிடித்துக்கொண்டு மீதியைப் பணமாக அல்லாமல் கூப்பனாகத் தருகிறார்கள். சூப்பர் ஸ்பார்பிரைஸில் அதுவும் கிடையாது. சேரன் டிக்கெட்டைக் காட்டிக் கோவை எக்ஸ்பிரஸில் ஏற முடியாது என்பது நம்மில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ‘முன்பதிவே வேண்டாம்’ என்று படித்துவிட்டுப் போகிறவர், மலிவு டிக்கெட்டும் எந்த வண்டிக்கும் செல்லும் என்று நம்பிவிடுகிறார். கோளாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்தக் கோளாறு விமானம் இறங்கும் நாளில்தான் கைச்செலவாக மாறுகிறது. எனக்குத் தெரிந்த கரூர் ஏற்றுமதியாளர் ஒருவருக்கு ஒரு டிராவல் ஏஜென்ட், விமானம் பிராங்க்பர்ட்டில் தரையிறங்கும் நேரத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் கொலோன் நகருக்குக் கிளம்பும் வண்டியில் சூப்பர் ஸ்பார்பிரைஸ் எடுத்துக் கொடுத்திருந்தார். விமானம் தாமதமாக இறங்கியது, குடியேற்றச் சோதனையில் வரிசை, பெட்டிகள் வர மேலும் நேரம். அவர் இரண்டு சாம்பிள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு நடைமேடைக்கு வந்தபோது அவருடைய வண்டி போயிருந்தது. அடுத்த வண்டி அதிகம் காத்திருக்க வைக்காமல் வந்தது; அதில் ஏறும் உரிமைதான் அவரிடம் இல்லை. நிலையத்திலேயே முழுக் கட்டணத்தில் புதிய டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் கொலோன் போய்ச் சேர்ந்தார். பிராங்க்பர்ட் விமான நிலையத்திலிருந்து கொலோனுக்கு 2002இல் திறக்கப்பட்ட அதிவேகப் பாதையில் மணிக்கு 300 கிலோமீட்டர் வரை வண்டிகள் ஓடுகின்றன. ஏறக்குறைய கோவையிலிருந்து சேலம் அளவுக்கான தூரம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இப்படி வண்டிகள் அடிக்கடி ஓடும் தடத்தில் ஒன்றைத் தவறவிடுவதால் நேரம் பெரிதாக நட்டமாவதில்லை, பணம்தான் நட்டமாகிறது. ஆகவே இறங்கும் நாளில் வண்டியோடு கட்டிப்போடும் டிக்கெட்டை எடுப்பது சிக்கனமே அல்ல என்பது என் உறுதியான கருத்து. அன்றைக்கு ஃப்ளெக்ஸ்பிரைஸ் எடுக்க வேண்டும். அது கட்டுப்படியாகாவிட்டால் மூன்று நான்கு மணி நேரம் தள்ளிக் கிளம்பும் வண்டியில் மலிவு டிக்கெட் எடுத்துக்கொண்டு விமான நிலையத்திலேயே காத்திருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு வழி உண்டு. நம் ஊர் ஏஜென்ட்டுகளில் பலர் அதைச் சொல்வதில்லை. பல விமான நிறுவனங்கள் ரெயில் அண்ட் ஃப்ளை என்ற பெயரில் விமான டிக்கெட்டோடு சேர்த்தே ஜெர்மன் ரயில் டிக்கெட்டையும் தருகின்றன. இறங்கிய நாளிலும் மறுநாளிலும் எந்த வண்டியிலும் அது செல்லும் என்பதால் விமானத் தாமதத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. விமான டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

2025 அக்டோபர் 12 முதல் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளின் எல்லையில் வெளிநாட்டவரின் கடவுச்சீட்டு விவரங்களையும் முகப்படத்தையும் கணினியில் பதியும் புதிய முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்திருப்பதால், பழைய அனுபவத்தை வைத்து ‘ஒரு மணி நேரம் போதும்’ என்று சொல்பவர்களின் யோசனையையும் இனி ஏற்க முடியாது.

தாமதம் ரயில்வேயின் பக்கம் என்றால் பயணிக்கு உரிமைகள் உண்டு. சேருமிடத்துக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தாலே மலிவு டிக்கெட்டின் வண்டிக் கட்டுப்பாடு நீங்கிவிடும். வேறு வண்டியில் போகலாம். ஒரு மணி நேரத் தாமதத்துக்கு டிக்கெட் விலையில் 25 விழுக்காடும், இரண்டு மணி நேரத்துக்கு 50 விழுக்காடும் திரும்பக் கேட்கலாம். கட்டுப்படுத்த முடியாத சில வெளிக் காரணங்களுக்கு மட்டும் விலக்கு. இதை ஏட்டளவு உரிமை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2024இல் டாய்ச்ச பானின் நெடுந்தூர வண்டிகளில் சரியான நேரத்துக்கு ஓடியவை 62.5 விழுக்காடுதான், அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைந்த தாமதத்தைத் தாமதமாகவே கணக்கில் சேர்க்காமல். ஜெர்மன்காரர்களின் நேரந்தவறாமையைப் புகழ்ந்திருக்கும் தங்கள் கட்டுரையாளர் இந்த ஓர் எண்ணையாவது பார்த்திருக்கலாம். வழியில் வண்டி மாற வேண்டியிருந்தால் முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுப்பது அதனால்தான் முக்கியமாகிறது. முதல் வண்டி தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், ஒரே டிக்கெட் என்றால் ரயில்வே பொறுப்பு. சில யூரோ மிச்சம் பிடிக்க இரண்டாகப் பிரித்து எடுத்திருந்தால் நம் பாடு. மேலும், எட்டு நிமிடத்தில் வண்டி மாறிவிடலாம் என்று டாய்ச்ச பானின் இணையதளம் காட்டும் திட்டத்தை அப்படியே ஏற்காமல், மாறுவதற்கான குறைந்தபட்ச நேரத்தை நாமே கூட்டி வைத்துத் தேடும் வசதி அதே தளத்தில் இருக்கிறது. வயதானவர்களை அனுப்பும்போது நான் அரை மணி நேரத்துக்குக் குறைத்து வைப்பதே இல்லை.

இருக்கைப் பதிவு கட்டாயமில்லை. இரண்டாம் வகுப்பில் ஐந்து யூரோவுக்குச் சற்றுக் கூடுதலாகும். அதை மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பேன். ஐ.சி.இ. எனப்படும் அதிவேக வண்டியில் ஏறியதும் ஒவ்வொரு இருக்கையின் பக்கத்திலும் சிறு மின்பலகை இருப்பதைப் பார்க்கலாம். பதிவான இருக்கை என்றால் எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரை என்று அதில் ஓடும். ஒன்றும் ஓடாத இருக்கையில் உட்கார்ந்துகொள்ளலாம். பதிவு செய்திருந்தாலும் வண்டி கிளம்பிக் கால் மணி நேரத்துக்குள் போய் உட்காராவிட்டால் இருக்கை உரிமை போய்விடும். வெள்ளி, ஞாயிறு மாலைகளிலும் கண்காட்சி நாட்களிலும் காலி இருக்கையைத் தேடிப் பெட்டி பெட்டியாக நடப்பது சாம்பிள் சுமையோடு முடிகிற காரியமல்ல. போர்ட்டர் என்ற ஆளும் அங்கே இல்லை. வண்டி நிற்பதும் திருப்பூரில் நிற்பதைப் போலவே இரண்டு மூன்று நிமிடங்கள்தான். நடைமேடை ஆங்கில எழுத்துகளால் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நம் பெட்டி எந்த எழுத்தின் கீழ் வந்து நிற்கும் என்று மின்பலகையில் பார்த்து அங்கே போய் நிற்க வேண்டும். சில வண்டிகள் வழியில் இரண்டாகப் பிரியும்: பெர்லினிலிருந்து வரும் வண்டி ஹாம் என்ற ஊரில் பிரிந்து, ஒரு பாதி டூசல்டார்ஃப் பக்கமும் மறுபாதி வூப்பர்டால் வழியாகக் கொலோனுக்கும் போவது வழக்கம். பெட்டி எண்ணைப் பாராமல் ஏறியவர் வேறு ஊருக்குப் போவார்.

ஊர்ப் பெயர்களிலும் கவனம் வேண்டும். பிராங்க்பர்ட் என்று தட்டினால் மைன் ஆற்றங்கரை நகரத்தோடு போலந்து எல்லையில் ஓடர் ஆற்றங்கரையில் இருக்கும் இன்னொரு பிராங்க்பர்ட்டும் வந்து நிற்கும். விமான நிலையத்திலேயே நெடுந்தூர வண்டிகளுக்கு ஒன்றும் உள்ளூர் வண்டிகளுக்கு ஒன்றுமாக இரண்டு ரயில் நிலையங்கள் இருக்கின்றன.

டிக்கெட் எடுக்கும்போது நம் பகுதிக்காரர்களுக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. படிவத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள். இரண்டையும் நிரப்பாமல் மேலே நகர முடியாது. நமக்கோ தலைப்பெழுத்தும் பெயரும்தான். பலருடைய கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கிறது. விமான டிக்கெட்டில் பெயரை எப்படிப் பிரித்துப் போட்டார்களோ அப்படியே ரயில் டிக்கெட்டிலும் போடுவதுதான் வம்பில்லாத வழி, ஏனென்றால் பரிசோதகர் டிக்கெட்டோடு அடையாள ஆவணத்தையும் கேட்கலாம். முதலாளியின் டிக்கெட்டை அலுவலகப் பையன் தன் பெயரில் எடுத்து அனுப்பும் நம் ஊர் வழக்கம் அங்கே செல்லாது. அடுத்தது கார்டு. ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடப்பட்டே வருகிறது. வங்கிச் செயலியில் நாமே திறந்துவிட வேண்டும். ஓ.டி.பி. நம் இந்திய எண்ணுக்குத்தான் வரும் என்பதால், அங்கே போய் உள்ளூர் சிம் போட்ட பிறகு டிக்கெட் எடுக்க முயன்று திணறுவதைவிட, கோவையிலிருந்து கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே முடித்துவிடுவது நல்லது. குழந்தைகளோடு போகிறவர்கள், பெற்றோருடன் வரும் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை என்பதையும், ஆனால் 6 வயது நிறைந்தவர்களை டிக்கெட்டில் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

விசா வருவதற்கு முன்பே டிக்கெட் எடுத்துவிடலாமா என்று கேட்பவர்கள் அதிகம். முந்தி எடுத்தால் மலிவு, விசா வராவிட்டால் பணம் போச்சு. இந்த இடத்தில் சூப்பர் ஸ்பார்பிரைஸை விட்டுவிட்டு, 10 யூரோவோடு தப்பிக்க வழியுள்ள ஸ்பார்பிரைஸை எடுப்பதே அறிவார்ந்தது. விசா கைக்கு வந்தவர்கள், விமானம் சம்பந்தப்படாத நடு நாட்களின் பயணங்களுக்கு எவ்வளவு மலிவானதையும் தைரியமாக எடுக்கலாம்.

இத்தனையும் ஜெர்மனிக்கு. பிரான்சின் அதிவேக வண்டியான டி.ஜி.வி., இத்தாலியின் அதிவேக வண்டிகள் ஆகியவற்றில் இருக்கையோடுதான் டிக்கெட். ‘ஏறிவிடலாம்’ என்ற யோசனை அங்கே எடுபடாது. 2023இல் ஐ.டி.எம்.ஏ. ஜவுளி இயந்திரக் கண்காட்சிக்காக மிலான் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அடுத்த ஐ.டி.எம்.ஏ. 2027இல் ஜெர்மனியின் ஹனோவரில் நடக்க இருப்பதால், மிலான் பழக்கத்தையும் அங்கே கொண்டுபோகக் கூடாது. ‘ஐரோப்பாவில்’ என்று ஒரே வாக்கியத்தில் எல்லா நாடுகளையும் அடைத்து எழுதுவதைப் பயணக் கட்டுரையாளர்கள் விட்டுவிட்டால் புண்ணியமாகப் போகும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பயணப் பக்கத்தில் கட்டணம் குறிப்பிடும்போது, எந்தத் தேதியில் எந்தத் தேதிக்காகப் பார்த்த கட்டணம், எந்த வகை டிக்கெட் என்ற இரண்டையும் சேர்த்து அச்சிட வேண்டும். பயண நேரத்துக்கும் அப்படியே. ஹாம்பர்க், பெர்லின் நகரங்களுக்கிடையிலான பாதையை 2025 ஆகஸ்டில் சீரமைப்புக்காக மாதக்கணக்கில் மூடி, வண்டிகளைச் சுற்றுப்பாதையில் விட்டார்கள். அந்தச் சமயத்தில் பழைய பயண நேரத்தை நம்பி சரக்கு வாங்கும் பையருக்குச் சந்திப்பு நேரம் கொடுத்தவர்கள் தாமதமாகத்தான் போயிருப்பார்கள். ஐரோப்பிய ரயில்களின் ஆண்டுக் கால அட்டவணை டிசம்பர் மாத நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாறும். ஜனவரிக் கண்காட்சிக்குப் போகிறவர்கள் எல்லாரும் புதிய அட்டவணையின்படிதான் பயணம் செய்யப்போகிறார்கள் என்பதால், திருத்தக் கட்டுரை ஒன்றை வெளியிடும் எண்ணம் இருந்தால் அதை டிசம்பருக்கு முன் வெளியிட்டு, அட்டவணை மாறியதும் நேரத்தை ஒருமுறை சரிபார்க்கும்படி அதிலேயே சொல்லிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்,
திருப்பூர்.