நாட்டியம் பிள்ளைகளை அடக்குவதற்கு அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

பரதநாட்டியம் வளரிளம் பருவத்துப் பிள்ளைகளிடம் பணிவை வளர்க்கிறது என்ற தங்கள் கட்டுரையைப் படித்தேன். கும்பகோணத்தில் நெடுங்காலமாக நாட்டியம் சொல்லிக்கொடுப்பவள் நான். ‘எதிர்த்துப் பேசுகிறாள், இங்கே சேர்த்தால் அடங்குவாள்’ என்று மகளை அழைத்துவரும் பெற்றோர் சொல்வதைத்தான் கட்டுரையும் கொஞ்சம் நாசூக்காகச் சொல்கிறது.

நல்லவேளை, யாரும் அடங்குவதில்லை. பாதத்தைத் தரையில் தட்டிப் பழகும் முதல் பயிற்சியான தட்டடவை, மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கி நிற்கும் அரைமண்டி குலையாமல் செய்ய வேண்டும். மூன்றாம் காலம் வரும்போது தொடை நடுங்கும், முழங்கால் தானாக நிமிரப் பார்க்கும். அந்த நேரம் பார்த்து ‘மறுபடி முதலிலிருந்து’ என்றால் பதின்மூன்று வயதுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். தோழிகள் பார்த்திருக்க, அந்தக் கோபத்தோடேயே மீண்டும் அரைமண்டியில் அமர்ந்து தொடங்குகிறாள். இதைப் பணிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசி வரிசையை விட்டு நகராத ஒரு மாணவியிடம் தாளம் தட்டும் தட்டுக்கழியைக் கொடுத்து, சின்னப் பிள்ளைகளுக்கு ஜதி என்னும் தாளச் சொற்களைச் சொல்லித் தட்டச் சொன்னேன். முதலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. சென்ற மாத ஒத்திகையில் அதே பெண் கையை உயர்த்தி, ‘மிருதங்கம் காலப்பிரமாணத்தை விட்டு ஓடுகிறது’ என்றாள்; எடுத்த வேகத்தில் நிற்காமல் முந்துகிறது என்று பொருள். அவள் சொன்னது சரி. வாசித்தவர் அவளைவிட முப்பது வயது மூத்தவர். அவள் அம்மாவுக்கு இது பிடித்திருக்குமா என்பது வேறு விஷயம்!

கேள்வி கேட்காத பணிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் கட்டுரை தொட்டிருக்கலாம். 2023-இல் சென்னையின் கலாக்ஷேத்ரா நாட்டியக் கல்வி நிறுவனத்தில் பாலியல் தொல்லைப் புகார்களுக்கு நடவடிக்கை கோரி மாணவிகள் போராட்டத்தில் அமர்ந்தார்கள். குருவுக்கு முன் வாய் திறக்கக் கூடாது என்று பழக்கப்பட்டவர்களுக்கு அது எளிதாக இருந்திருக்காது.

இன்னொரு குறை. லட்சங்களைக் கொட்டி அவசர அவசரமாக அரங்கேற்றம் நடத்திவிட்டு, பத்தாம் வகுப்பு வந்ததும் வகுப்பை நிறுத்திவிடுகிறார்கள். பையன்களை அதற்கும் முன்பே நிறுத்திவிடுகிறார்கள். நாட்டிய நிகழ்ச்சியின் வரிசைமுறையான மார்க்கத்தை வகுத்த, தஞ்சை நால்வர் எனப்படும் சகோதரர்களும் ஆண்கள்தானே என்று சொல்லிப் பார்த்துவிட்டேன், எடுபடவில்லை.

செலவுக்கு அஞ்சும் பெற்றோருக்கு மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. 12 வயது முதல் சேரலாம்; பரதநாட்டியம் மூன்றாண்டுப் படிப்பு. பக்கத்து ஊர்க்காரர்களுக்கே இது தெரிவதில்லை. தங்கள் இதழ் அடுத்து இதைப் பற்றி எழுதினால் நல்லது.

– நாட்டிய ஆசிரியை ஒருவர், கும்பகோணம்.