சேகருக்கு: உன் பரண் ரிவால்வரைப் பற்றி

லியேஜ்,
வெள்ளி இரவு

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. வீட்டுச் செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் துப்பாக்கிப் பேச்சில் மறந்துபோகும். சின்னவளுக்கு நாமூரில் வேலை நிரந்தரமாகிவிட்டது. தினமும் ரயிலில் போய் வருகிறாள், அங்கேயே வீடு பார் என்றால் கேட்பதில்லை. என் முழங்கால் பழையபடிதான், மாடிப்படிதான் எதிரி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று எழுதியிருந்தாய், கேட்டு நிம்மதி. இந்த வயதில் பழைய வீட்டை வாங்கிக் கூரையைப் பிரித்து மேய்கிற தைரியம் உனக்குத்தான் வரும். லில்லில் மழைக்காலம் எப்போது முடியும் என்று யாருக்காவது தெரியுமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பரணில் கிடைத்த ரிவால்வரைப் பார்த்ததும் நீ 'ஈ.எல்.ஜி.' என்ற கம்பெனியைத் தேட ஆரம்பித்திருக்கிறாய். எந்த விவரமும் கிடைக்கவில்லை, ஆனால் பார்க்கிற பெல்ஜியத் துப்பாக்கியிலெல்லாம் அந்தப் பெயர் இருக்கிறது, எவ்வளவு பெரிய கம்பெனியோ என்று வியந்திருக்கிறாய். அது கம்பெனியே இல்லையடா. எங்கள் ஊர் லியேஜில் துப்பாக்கிகளைச் சோதிக்கும் சாலையின் முத்திரை. வழக்கத்தைவிட அதிக வெடிமருந்தைப் போட்டு வெடித்துப் பார்ப்பார்கள். குழல் பிளக்காமல், வீங்காமல் தாங்கினால் இந்த முத்திரையைக் குத்துவார்கள். ரிவால்வர் என்றால் தோட்டா போடும் சுழல் உருளையான சிலிண்டரிலும் குத்து விழும். 1672இலேயே இங்கே ஆண்ட இளவரச பிஷப் இந்தச் சோதனைக்கு ஆணை போட்டார். நீ பார்த்த நீள்வட்ட முத்திரை நெப்போலியன் காலத்தது. லியேஜ் அப்போது பிரான்சோடு சேர்ந்திருந்தது, 1810 டிசம்பர் 14 தேதியிட்ட அவருடைய ஆணைக்குப் பிறகு வந்தது. நீள்வட்டத்துக்குள் மூன்று எழுத்து, கீழே ஒரு நட்சத்திரம்.

பழைய பெல்ஜியத் துப்பாக்கி ஒன்று கையில் வந்தால் நான் பெயரைத் தேடுவதில்லை. முதலில் இந்தச் சோதனை முத்திரைகளைப் பார்ப்பேன், அப்புறம் காப்புரிமை, கடைசியில்தான் தயாரித்தவர். வியாபாரிகள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். பெயர் இருந்தால் விலை ஏறும் அல்லவா? பெயரை யார் வேண்டுமானாலும் எந்தக் காரணத்துக்காகவும் பொறித்திருக்கலாம். சோதனைச் சாலைக்காரனுக்கு விற்க வேண்டிய சரக்கு எதுவும் இல்லை.

உன் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிலிண்டரின் பின்முகத்தில் அந்த நீள்வட்டம் இருக்கிறது. அதன் தலையில் கிரீடம் இல்லை. பக்கத்தில் தனியாக ஒரு சிறு கிரீடம், அதன் கீழே எஸ் எழுத்து. இந்த இடத்தில்தான் பலபேர் தடுமாறுகிறார்கள். "கிரீடம் இருந்தால் 1893க்குப் பிந்தியது" என்று எங்கேயோ படித்திருப்பார்கள். அது உண்மைதான், ஆனால் நீள்வட்டத்தின் மேல் வருகிற கிரீடத்துக்கு மட்டும். 1893 ஜூலையில் வந்த அரச ஆணைக்குப் பிறகு நீள்வட்டம் கிரீடம் சூடிக்கொண்டது. தனி எழுத்தின் மேல் இருக்கிற கிரீடம் வேறு சங்கதி. அது துப்பாக்கியைப் பரிசோதித்த ஆளின் அடையாளம், ஆளுக்கு ஒரு எழுத்து. 1853 முதல் 1877 வரை அந்த எழுத்தின் மேல் கிரீடம் போட்டார்கள், 1877இலிருந்து கிரீடத்தை எடுத்துவிட்டு நட்சத்திரம் போட்டார்கள். நட்சத்திரத்திலும் இதே குழப்பம் உண்டு. நீள்வட்டத்துக்குள் இருக்கும் நட்சத்திரம் எந்தக் காலத்திலும் இருக்கும், அதை வைத்து ஆண்டு சொல்ல முடியாது. எழுத்தின் தலையில் இருந்தால்தான் அதற்கு அர்த்தம்.

ஆக, உன் ரிவால்வர் 1853க்கும் 1877க்கும் இடையில் சோதனைக்குப் போயிருக்கிறது. பெயர் எதுவும் படிக்காமலே இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் பார்.

குழலின் அடியில் தூண் மாதிரி ஏதோ இருக்கிறது என்றாயே, அது எங்கள் ஊர்ச் சந்தைத் திடலில் நிற்கிற பெரோன். படிக்கட்டு மேல் ஒரு கல் தூண், உச்சியில் பைன் காயும் சிலுவையும். ஊரின் சுதந்திரத்துக்கே அதுதான் சின்னம். 1467இல் பர்கண்டியின் சார்லஸ் ஊரைத் தோற்கடித்தபோது அதைப் பெயர்த்து புரூஜுக்கே தூக்கிப்போய்விட்டான். அவன் செத்த பிறகு 1478இல் திரும்ப வந்தது. பரிசோதகர்கள் அதையே அரிசி மணி அளவுக்குச் சுருக்கி ஆயுதத்தில் குத்தினார்கள். நீ அடுத்த முறை வரும்போது அசலைக் காட்டுகிறேன்.

இனி நீ துள்ளிக் குதித்த 'பிரவெத்தே' என்ற சொல், பிரெஞ்சில் 'காப்புரிமை பெற்றது' என்று பொருள். துப்பாக்கிச் சட்டகத்தின் இடப்பக்கத்தில் அது பொறித்திருக்கிறது, அதனால் இது பாரிஸ் துப்பாக்கித் தயாரிப்பாளர் லெஃபோஷோவின் அசல் ரிவால்வர் என்று உன் பக்கத்துத் தெரு பழம்பொருள் கடைக்காரர் சொன்னாராம். அவர் பாதி சரி. அமைப்பு லெஃபோஷோவுடையதுதான். தோட்டாவின் பக்கவாட்டில் ஒரு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும், ஹேமர் மேலிருந்து அந்த ஊசியை அடிக்கும். அதனால்தான் உன் சிலிண்டரின் பின்விளிம்பில் ஆறு அறைக்கும் ஆறு சின்ன வெட்டு இருக்கிறது. ஊசித் தோட்டா அப்பன் காசிமிர் லெஃபோஷோ 1830களில் கொண்டு வந்தது. அதை ரிவால்வரில் பொருத்தி 1854இல் காப்புரிமை வாங்கியது மகன் யூஜீன். 1858இல் பிரெஞ்சுக் கடற்படை அதை ஏற்றுக்கொண்டது, அமெரிக்க உள்நாட்டுப் போருக்கும் ஆயிரக்கணக்கில் போனது.

1844 பிரெஞ்சுச் சட்டப்படி காப்புரிமைக்கு ஆயுள் அதிகபட்சம் 15 வருஷம். 1854ஓடு 15ஐக் கூட்டினால் 1869. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் செய்யலாம், செய்தார்கள். அதற்கு முன்பும் இங்கே லியேஜில் உரிமம் வாங்கிச் செய்தவர்கள் உண்டு, வாங்காமல் செய்தவர்களும் உண்டு. இன்னொன்று, பிரான்சிலும் சரி, 1854 சட்டத்துக்குப் பிறகு பெல்ஜியத்திலும் சரி, விண்ணப்பித்தவன் சொல்வது புதிதா பழசா என்று அரசாங்கம் ஆராய்ந்து பார்க்காது. கட்டணம் கட்டினால் காப்புரிமை. பிரெஞ்சுச் சாமான்களில் 'அரசின் உத்தரவாதம் இல்லை' என்பதைக் குறிக்கும் நான்கு எழுத்து கூடவே வருவது இதனால்தான். அதனால் வெறும் 'பிரவெத்தே' என்று மட்டும் இருந்து, யாருடைய காப்புரிமை, எந்த ஆண்டு என்று இல்லாவிட்டால், அதை விளம்பரம் என்று எடுத்துக்கொள்வதுதான் என் வழக்கம். அசல் லெஃபோஷோவில் உடைத்துத் திறந்த துப்பாக்கிப் படமும் எல்.எஃப். எழுத்தும் வரிசை எண்ணும் சேர்ந்து வரும். உன் படங்களில் அது எங்கேயும் இல்லை.

ஆனாலும் காப்புரிமை வீண் இல்லை. அது தரையைக் காட்டும், கூரையைக் காட்டாது. அந்த அமைப்பு அந்த ஆண்டுக்கு முன்னால் வந்திருக்காது, அவ்வளவுதான். சில அமைப்புகள் தூரத்திலிருந்தே தெரியும். டிரிகர் பாதுகாப்பு வளையமே நீண்ட நெம்புகோலாகி, அதை இழுத்தால் குழலும் சிலிண்டரும் சேர்ந்து முன்னால் நகர்ந்து காலித் தோட்டாக்கள் உதிரும் ரிவால்வரைப் பார்த்தால் அது காலான் என்ற துப்பாக்கித் தயாரிப்பாளருடைய 1868 ஏற்பாடு. ரஷ்யக் கடற்படை வாங்கியதும் அதைத்தான். தோட்டா போடும் பக்கக் கதவைத் திறந்ததும் ஹேமர் செயலிழந்தால் அது அபாடி என்ற ஏற்பாடு. சுடும்போது சிலிண்டர் முன்னே நகர்ந்து குழலோடு ஒட்டிக்கொண்டு புகைக் கசிவை அடைத்தால் எல்லோரும் நகான் ரிவால்வர் என்பார்கள். ரஷ்யர்கள் 1895இல் எடுத்த ஏழு குண்டு ரிவால்வர் அப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் அதே யோசனையை அதற்கு முன்பே, 1886இல், இதே ஊர் ஹென்றி பீப்பர் செய்துவிட்டார். தொட்டுப் பார்க்காமல் நகான் என்று அட்டை எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த கேள்வி, செய்தது யார்? இதற்கு இந்த ஊர் எப்படி வேலை செய்தது என்று தெரிய வேண்டும். நாம் பாலிடெக்னிக் படித்தபோது கோவையில் கணபதியிலும் பீளமேட்டிலும் பம்பு செட்டு எப்படி உருவாகும் என்று பார்த்தோமே! ஒரு ஷெட்டில் ஷாஃப்ட், இன்னொன்றில் இம்பெல்லர், வேறெங்கோ வார்ப்பு, கடைசியில் யாரோ பெயர்த்தகட்டை ஒட்டி விற்பார். லியேஜும் அச்சு அசல் அதுதான். நெசோன்வோ பக்கம் வெஸ்தர் ஆற்றங்கரையில் குழல் அடித்தார்கள், ஹெர்ஸ்டாலிலும் சுற்று வட்டாரத்திலும் வீட்டு ஜன்னலோரம் வைஸ் பூட்டி உதிரிப் பாகங்களை அரம் போட்டார்கள், பெண்கள் கூடையில் சுமந்து வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். 'தயாரிப்பாளர்' என்பவர் பல சமயம் பட்டறையே இல்லாத வியாபாரி. எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் இயந்திரத்தில் செய்வது இங்கே பெரிய அளவில் வந்தது 1889இல் ஹெர்ஸ்டாலில் எஃப்.என். என்ற ஆயுதத் தொழிற்சாலை தொடங்கிய காலத்தில்தான்.

எனவே உன் துப்பாக்கியின் உள்ளே ஒன்றிரண்டு பாகங்களில் தனித்தனி எழுத்துகள் இருந்தால் திகைக்காதே. குழல் அடித்தவன் ஒருவன், சட்டகத்துக்கு அரம் போட்டவன் ஒருவன், அவரவர் கூலிக்கணக்குக்காகக் குத்தியவை அவை. தயாரிப்பாளர் குறி பெரும்பாலும் கைப்பிடி மரத்தின் அடியிலோ சட்டகத்தின் முன்பக்கத்திலோ ஒளிந்திருக்கும். கிரீடத்தின் கீழ் ஏ.எஃப். என்றால் ஓகுஸ்த் பிராங்கோத், ஹெச்.டி.ஹெச். என்றால் ஆன்ரியோன், தஸ்ஸி, ஹொய்ஷன் மூவர் கூட்டு. வணிகக் குறிகளைப் பதிவு செய்யும் பெல்ஜியச் சட்டம் 1879 ஏப்ரல் 1இல் வந்தது. உன்னுடையது அதற்கு முந்தியது, அதனால் குறி இருந்தாலும் அந்தப் பதிவேடு கைகொடுக்குமா என்பது சந்தேகம். குழலின் மேல் அழகாக எழுதியிருக்கும் முகவரியோ, விற்ற கடைக்காரருடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கடை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1873 ஜூலை 10 காலையில் கவிஞர் வெர்லென் பிரஸ்ஸல்சில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போய் உன்னுடையதைப் போலவே ஒரு 7 மி.மீ. ஊசித் தோட்டா ரிவால்வர் வாங்கினார். அன்றைக்கே குடிபோதையில் இன்னொரு கவிஞரான ரேம்போவைச் சுட்டு மணிக்கட்டில் காயப்படுத்தி, இரண்டு வருஷம் சிறைத்தண்டனையும் வாங்கினார். அந்தத் துப்பாக்கி 2016இல் பாரிஸ் ஏலத்தில் 4,34,500 யூரோவுக்குப் போனது. ஓவியர் வான்கோ தன்னைச் சுட்டுக்கொண்டதாகச் சொல்லப்படும் ரிவால்வரும் 7 மி.மீ. லெஃபோஷோ வகைதான். வயலில் கிடந்து துரு தின்ற அந்தக் கூடு 2019இல் 1,62,500 யூரோ. அதில் முத்திரை வாசிக்க என்ன மிச்சம்? கிடைத்த இடம், குண்டின் அளவு, மண்ணில் கிடந்த காலம் என்று சுற்றி வளைத்துத்தான் வாதாடினார்கள், இன்னும் எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. இதைப் படித்துவிட்டு நீ கனவு காண ஆரம்பிக்காதே. கவிஞன் கை படாத உன்னுடையது நூறு இருநூறு யூரோ போனால் நல்ல விலை.

இப்போது நீ செய்ய வேண்டியது. முதலில், அந்த ஆறு வெட்டுகளிலும் ஏதாவது ஊசி தலைநீட்டுகிறதா என்று பார். ஒன்று இருந்தாலும் உள்ளே தோட்டா இருக்கிறது என்று வைத்துக்கொள், கீழே விழுந்து ஊசி தட்டினாலே வெடிக்கும். அப்படியே வைத்துவிட்டு ஊரில் துப்பாக்கித் தொழிலாளி ஒருவரைக் கூப்பிடு. இல்லை என்றால், கைப்பிடி திருகில் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிடு, பிறகு திருகின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்துகிற ஸ்குரூடிரைவரால் கழற்று. ஏனோதானோ என்று எதையாவது செருகித் திருகின் தலையைப் பிய்த்துவிடாதே. உப்புத்தாள், கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம். துருவை உரசினால் முத்திரையும் சேர்ந்து போகும், நம் வேலையே அதில்தான் இருக்கிறது. பல்குத்தும் குச்சியால் அழுக்கை எடு. சாக்பீஸ் தூளைத் தடவித் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை தங்கி எழுத்து தெரியும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடு. நேராக வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது, உன் ஐந்தாவது படம் அப்படித்தான் வீணாகியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. 1900க்கு முந்தைய ரகம் என்பதால் பிரான்சில் நீ வீட்டில் வைத்திருப்பது பெரும்பாலும் பிரச்சினை ஆகாது. ஆனால் எனக்குக் காட்டுகிறேன் என்று பையில் போட்டுக்கொண்டு ரயிலேறிவிடாதே. இரண்டு நாட்டுச் சட்டமும் ஒன்றில்லை, எல்லையில் போலீஸ்காரனுக்குக் கிரீடம் எதன் மேல் இருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. படம் போதும்.

நீ மட்டும் வா, ஞாயிற்றுக்கிழமை இருக்கும்படி வா. மியூஸ் ஆற்றங்கரையில் லா பத் சந்தை கூடும். அதை முடித்துக்கொண்டு பக்கத்திலேயே கிராண்ட் கர்ட்யூஸ் அருங்காட்சியகத்தில் ஆயுதப் பகுதியைப் பார்க்கலாம், மரியெட்டின் பல குழல் துப்பாக்கி மாதிரியானவற்றை ஆற அமர நின்று பார்க்கலாம். மீனாட்சி கோழிக் குழம்பு வைப்பதாகச் சொல்கிறாள், உன் வீட்டம்மாவையும் அழைத்து வரச் சொன்னாள். கைப்பிடியின் உள்பக்கப் படங்களை அதற்கு முன்னாலேயே அனுப்பிவிடு. முடிந்தால் குழலின் அடிப்பகுதியையும், சட்டகத்தின் முன்பக்கத்தையும் சேர்த்து எடு.

அன்புடன்,
பழனி